பதிமூன்று விநாடித் திருடி

டிரிங்...!

2006. காஞ்சிபுரம். காலை மணி பத்து. காவல் நிலைய டெலிபோன் அன்றைக்கு ஏழாவது முறையாக அலறியது.

எஸ்.ஐ. பஞ்சாட்சரம் எடுத்தார்.

“சார்! பட்டுப்புடவத் திருடியப் புடிச்சிட்டீங்களாமே? எப்ப சார் ஜெயிலு?”

“யார்யா பேசறது?”

“பொதுஜனம் சார்!”

டொக்.

ரிசீவரை வைத்த வேகத்தில் மேஜை ஆடியது. எதிரே பெஞ்சில் காயத்ரி. வயது இருபத்திரண்டு. ராமலிங்கத்தின் பட்டுக்கடையில் விற்பனைப் பெண். நெற்றியில் பிளாஸ்திரி... காலையில் அவள் வீட்டு ஜன்னல் வழியாக வந்த கல்லின் உபயம்!

எல்லாம் ஒரு பதிமூன்று விநாடி செல்போன் வீடியோவால் வந்த வினை.

கடைக்குள் காயத்ரி. கையில் அரக்கு நிறப் பட்டுப்புடவை. அதை மடித்துப் பைக்குள் வைக்கிறாள். அவ்வளவுதான்! ‘திருடி’ என்று பெயர் சூட்டி யாரோ ப்ளூடூத்தில் அவிழ்த்துவிட, இரண்டே நாளில் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, கோயில் வாசல் என்று சுற்றி செவிலிமேடு வரை போய்விட்டது.

“நான் திருடல சார்!” என்றாள் காயத்ரி. “அது எங்கம்மா நெய்ஞ்ச புடவ. கரையில நூல் அறுந்துருக்குது, சரி பண்ணிக்கினு வான்னு கேஷியர்தான் திருப்பிக் குடுத்தாரு.”

“யாரு, நானா?”

முதலாளி ராமலிங்கத்தின் பக்கத்தில் நின்றிருந்த கேஷியர் விக்னேஷ் துள்ளினான். மடிப்புக் கலையாத சட்டை. பாக்கெட்டில் புத்தம்புது கேமரா செல்.

“பொய் சார்! நான் எதையும் குடுக்கல!”

“கடை அலமாரில இருந்த மூணு அரக்குப் புடவ காணோம் சார்,” என்றார் ராமலிங்கம். “அதுல ஒண்ணு இவ வூட்லியே கெடச்சுதே!”

அந்தப் புடவை மேஜை மேல் மின்னியது. முந்தானை நூல்கள் அழகாக முடிச்சிடப்பட்டிருந்தன.

பஞ்சாட்சரம் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டால் சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட். ராத்திரிக்குள் வேலூர் ஜெயில். பேனா நகரவில்லை... என்னவோ உறுத்தியது. உறுத்தாதா பின்னே? நேற்று அந்தக் கிளிப்பை அவரே நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறாரே!

“சார்... அந்த வீடியோவ நான் பாக்கலாமா?”

கேட்டவள் பெண் கான்ஸ்டபிள் நீலாம்பாள். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள்.

“ஊரே பாத்தாச்சு, நீ இன்னும் பாக்கலியா?”

“ரெண்டு நாளா ஆளாளுக்கு நீட்டினாங்க சார். ஒரு பொண்ணு மானம், வாணாம்னுட்டேன். இப்ப கேஸாச்சே...”

பார்த்தாள். ஏழாவது விநாடியில் நிறுத்தினாள். புருவம் ஏறியது!

“முதலாளி, உங்க கடையில முந்தானை நூல முடிச்சுப் போடாம புடவய அலமாரில வெப்பீங்களா?”

“இன்னாம்மா கேள்வி இது? முடிச்சுப் போட்டு, வெலச் சீட்டு கட்டினாத்தான் அலமாரி ஏறும். எங்கப்பா காலத்துலேர்ந்து அதான் சட்டம்!”

“அப்ப இதப் பாருங்க.”

ராமலிங்கம் குனிந்தார்.

சின்னத் திரையில், காயத்ரியின் கையிலிருந்த புடவையின் முனையில் நூல்கள் விரிந்து தொங்கின. முடிச்சு இல்லை. சீட்டும் இல்லை. தறியிலிருந்து அறுத்தெடுத்தபடி இருந்தது!

“மேஜை மேல இருக்கிறதுல முடிச்சு இருக்குதே?” என்றார் பஞ்சாட்சரம்.

“நேத்துதான் எங்கம்மா கரைய சரி பண்ணிட்டு முடிச்சுப் போட்டாங்க சார்,” என்றாள் காயத்ரி.

ராமலிங்கம் நாற்காலியில் சரிந்தார்.

“பத்து தடவ பாத்தேன் சார்... மூஞ்சத்தான் பாத்தேன். புடவயப் பாக்கல.”

அவர் மட்டுமா? பட்டை விரலால் தொட்டே எடை சொல்கிற ஊர் இது. அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர்கூடப் புடவையைப் பார்க்கவில்லை!

விக்னேஷ் வாசல் பக்கம் நழுவினான்.

“எங்க தம்பி... அவசரமா?”

பஞ்சாட்சரத்தின் கை அவன் சட்டைக் காலரில். நீலாம்பாளின் கை அவன் பாக்கெட்டில். செல்லைத் துழாவினாள்... அதே காட்சி. ஆனால் நாற்பத்தொரு விநாடி! தொடக்கத்தில் விக்னேஷின் சொந்தக் குரல்:

“கரையில நூல் அறுந்துருக்குது காயத்ரி. எடுத்துக்கினு போ.”

“காணாமப் போன மூணும் எங்கடா?” பஞ்சாட்சரம் உறுமினார்.

“வாலாஜாபாத்ல வித்துட்டேன் சார்... பழி போட ஆள் வேணும்னு...”

“முழுசையும் ஏன்டா அழிக்காம வெச்சிருந்தே?”

விக்னேஷ் தலையைத் தொங்கப்போட்டான். “ஊரே பாக்குது சார். எடுத்தவன் நான்தான்னு யார்கிட்டயும் சொல்லிக்க முடியல. இதாவது எங்கிட்ட இருக்கட்டுமேன்னு...”

அவன் லாக்கப்புக்குள் போனான்.

“நீ வூட்டுக்குப் போம்மா,” என்றார் பஞ்சாட்சரம்.

காயத்ரி எழவில்லை.

“எப்படி சார் போறது? ஊருக்கு நான் இன்னும் திருடிதானே?”

நியாயம்தான்! நீலாம்பாள் தன் செல்லில் ராமலிங்கத்தைப் பேசவைத்துப் படம் பிடித்தாள். “காயத்ரி திருடல. கேஷியர்தான் திருடன். கிளிப்ப நம்பின என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.” ‘உண்மை’ என்று பெயர் வைத்து, வாசலில் கூடியிருந்த கும்பலுக்கு அனுப்பப் போனாள்.

அரை மணி கழித்துத் திரும்பினாள்... தொங்கிய முகத்தோடு.

“ரெண்டே பேருதான் வாங்கினாங்க சார். மத்தவங்க, ‘இதுல இன்னா இருக்குது’ன்னு தள்ளிவுட்டுட்டாங்க.”

காயத்ரி கை நீட்டினாள்.

“குடுங்கக்கா.”

டிக்... டிக்... பெயரை மாற்றினாள். நீலாம்பாளிடம் நீட்டினாள்.

“இப்ப அனுப்புங்க.”

மணி மூன்று.

டிரிங்...!

பஞ்சாட்சரம் எடுத்தார். வாலாஜாபாத்திலிருந்து மச்சான். ரிசீவரைத் தாண்டி ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது அவன் குரல்.

“மாமா! ‘திருடி பார்ட் டூ’ வந்துக்குது, பாத்தீங்களா? ஊரே பாத்துக்கினு இருக்குது! அந்தப் பொண்ணு திருடவே இல்லியாம் மாமா! நேத்து நீங்க அனுப்பினீங்களே பார்ட் ஒன்... அதவிட சூப்பரு!”

டொக்!

பஞ்சாட்சரம் மெல்ல நிமிர்ந்தார். காயத்ரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சிலிருந்து எழுந்தாள். காலியான இடத்தைக் கைகாட்டினாள்.

“இப்படி வந்து உக்காருங்க சார். நீலாம்பாக்கா... செல்ல எடுங்க. பார்ட் த்ரீ!”