கரப்பான் காலின் வாக்குமூலம்

பகல் 1.05. மருந்தறையின் குளிர்பெட்டியைத் திறந்த ஆய்வகப் பணியாளருக்கு, உள்ளிருந்த குளிரெல்லாம் முதுகில் ஏறிவிட்டது. நரம்பை முடக்கும் நஞ்சுக் குப்பியைக் காணோம்! சுண்டுவிரல் அளவுதான், ஆனால் மொத்தக் கல்லூரியையும் இரண்டு தடவை சாகடித்து, மிச்சமும் வைக்கும்.

1.20. எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அந்தப் பணியாளர், குற்றவாளியைப்போல் ஆய்வகத்தின் நடுவே நின்றாள். மருந்தறைக்கு அட்டையைக் காட்டினால் திறக்கும் மின்பூட்டு. அன்று அதில் பதிவான அட்டை ஒன்றே ஒன்று: அவளுடையது.

"ரெண்டு மணிக்கு போலீஸ் வருதும்மா," என்றார் உயிரியல் பேராசிரியர். கட்டடத்தில் யாரும் தண்ணீரைத் தொடவில்லை. எச்சில் விழுங்கவே பலர் யோசித்தார்கள்.

"பன்னெண்டரைக்கு நான் பாத்தப்ப குப்பி இருந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல இங்க யார் இருந்தது?" என்றாள் அக்கா.

"நான் மட்டும்தான்," என்றார் கணினி வாத்தியார். நரம்பியல் செய்முறை வகுப்பில் உயிரியல், இயற்பியல், கணினி மூன்றும் பங்காளிகள். பங்காளிகள் என்றால் சண்டைக்கா பஞ்சம்? "பன்னெண்டரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும் இந்த மேசைக் கம்ப்யூட்டர்ல நிறுத்தாம தட்டிக்கிட்டிருந்தேன். ஈ காக்கா வரல."

"கரண்ட் போச்சா சார்?"

"போகவே இல்ல. போயிருந்தா இது அணைஞ்சிருக்குமே!"

அக்கா இயற்பியல் மாணவியிடம் திரும்பினாள். வெட்டியெடுத்த கரப்பான் காலில் இரண்டு ஊசி குத்தி, அதன் நரம்பு எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று காலையிலிருந்து பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கருவிக்கு பேட்டரி, பதிவு செய்தது ஒரு கைப்பேசி.

"அத போடு பாப்பா."

"சுத்தமா இருக்குக்கா. ரீங்காரத்தக்கூட வடிகட்டிட்டேன்."

"வடிகட்டாதத போடு."

சுவரில் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரம் அந்த அறையில் எந்தப் பதிவையும் விடாது. அதைத் திட்டிக்கொண்டே அழிப்பதுதான் மாணவர்களின் முதல் வேலை.

1.40. ஒலிபெருக்கி கொசுப்படைபோல் இரைந்தது. நேரம் 12.41 என்று காட்டியபோது இரைச்சல் சட்டென்று செத்தது. செத்த கால் மட்டும் பட், பட் என்று தனியே துடித்தது. கேட்டவர்களுக்கு உள்ளங்கால் மயிர்கூட நட்டுக்கொண்டது. நாற்பது வினாடி. மறுபடி ரீங்காரம்.

"அந்த நாப்பது செகண்டும் சுவர்ல கரண்ட் இல்ல," என்றாள் அக்கா. "தீப்பிடிச்சா ஆளுங்க மாட்டிக்கக் கூடாதுன்னு, கரண்ட் போனா மின்பூட்டு தானா திறந்துக்கும். அட்டையே வேண்டாம். இந்த அறைக்கும் பக்கத்து மருந்தறைக்கும் மெயின் சுவிட்ச் இங்கதான் இருக்கு. நீங்க எதுல சார் நிறுத்தாம தட்டினீங்க?"

கணினி வாத்தியாரின் முகம் சுண்ணாம்பாயிற்று. "வகுப்ப மூடிட்டா இந்த அறை எங்க துறைக்கு வரும்னு... யாரையும் கொல்ல இல்லம்மா."

"என்னைய ஜெயிலுக்கு அனுப்பலாம், அதானே? குப்பிய குடுங்க."

அவர் கை சட்டைப் பைக்குள் போனது. அத்தனை பேரும் சுவரோடு சுவராக ஒட்டினார்கள். அக்காவின் கையுறையிட்ட உள்ளங்கையில் குப்பி வந்து படுத்தது. முத்திரை உடையவில்லை.

"மன்னிச்சுக்கம்மா," என்றார் பேராசிரியர், சுவரைவிட்டு நகராமலே. "அத சீக்கிரம் உள்ள வெச்சுப் பூட்டிடு."

"எந்தப் பூட்டுல சார்?"