முன்சக்கர லீவர்

அந்த லாரி அனிஷாவின் கடை வாசலை மறித்துக்கொண்டு நின்றபோது, மணி ஒன்றாக எட்டு நிமிடம் இருந்தது. நின்றது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்... வண்டிக்கு அடியில் டமாரென்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே இரும்பை இரும்பு மெல்லுகிற சத்தம், அப்புறம் டோல்கேட் தார் ரோட்டில் கருப்பாக வழிந்த எண்ணெய். மேலே ஐப்பசித் தூறல் வேறு.

சாப்பாட்டுக்காக ஷட்டரை இறக்கப் போனவள் பாதியிலேயே விட்டாள். பழைய லாரி சாமான் விற்கும் கடையில் வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் எதுவென்று தெரியாதா? டிரான்ஸ்பர் கேஸ். கியர்பாக்ஸுக்குப் பின்னால் தொங்கும் பெட்டி. இஞ்சினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான்.

அந்த வண்டியையும் அவளுக்குத் தெரியும். பட்டாளத்து ஏலத்தில் வந்த கிழட்டு லாரி. திருவொற்றியூர் கரையில் படகுகளை மணல் மேட்டுக்கு இழுத்துப் போடுவது அதன் பிழைப்பு. தினமும் மதியம் காசிமேட்டுக்குப் போகும்போது அவள் கடைக்கு எதிரே வேகத்தைக் குறைத்து ஊர்ந்துதான் போகும். ரோட்டில் அங்கே ஒரு பள்ளம். அதற்காக என்று நினைத்திருந்தாள்.

டிரைவர் குதித்து இறங்கினான். கடையின் போர்டைப் பார்த்துத்தான் கத்தினான்.

"இன்னா சாமான் குட்த்தீங்க? போட்டு பத்து நாள் கூட ஆவல. மஜீது பாய் இங்கதான வாங்கினு வந்தாரு? ஒடைஞ்சி கீது, வந்து..."

ஷட்டருக்குக் கீழே குனிந்து அனிஷா வெளியே வந்தாள். அவன் குரல் பாதியில் தடுக்கியது.

"வந்து பார்க்கணுமா? பார்க்கிறேன். முதல்ல வண்டிய ஓரங்கட்டுங்க. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறது கேக்கலையா?"

மழையில் நனைந்த அவன் முகமெல்லாம் கிரீஸ். கண்கள் மட்டும்... அப்போதுதான் கழுவித் துடைத்து வைத்ததுபோல் அப்படியொரு தெளிவு. கத்துகிற ஆளுக்கு எதற்கு இப்படிக் கண் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வண்டியைத் தள்ள நாலு பேர் சேர்ந்தார்கள். நியூட்ரலில் போட அவன் மேலே ஏறினான். ஏறியவன் கை, கியருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லீவரைத் தொட்டதும் அப்படியே நின்றது. கீழே இறங்கி வந்தபோது அவன் வாயில் சத்தமே இல்லை. அதை அனிஷா கவனித்துக்கொண்டாள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவன் போன் போட்டதும் மெக்கானிக் மஜீது பாய் வந்துவிட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் போகிற ஷாப்டுகளைக் கழற்றி, ஜாக்கி கொடுத்துப் பெட்டியை இறக்கிக் கடை மேசைமேல் வைப்பதற்குள் மணி நாலு. அதற்குள் வண்டிக்குச் சொந்தக்காரர் குணசேகரனும் வந்து, அவளுடைய அம்மா தேவகிருபையைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"கலீஜ் சாமான தலைல கட்டிட்டீங்களே. புயல் வருதுன்றான், கரையில முப்பது படகு கீது. இந்த டோல்கேட்டுலேர்ந்து எண்ணூரு வரைக்கும் சொல்லப்போறேன். ஒரு மெக்கானிக்கு உங்க கடைப் படி ஏறமாட்டான்."

தேவகிருபை மார்த்தாண்டத்திலிருந்து வந்து, கணவர் போன பிறகும் பதினாறு வருஷமாகத் தனியாக நடத்துகிற கடை. 'சாமானில் குறை என்றால் மறு சாமான்' என்று தகரத்தில் எழுதி மாட்டியிருந்தாள். இன்றுவரை அந்தத் தகரத்தைக் காட்டி யாரும் வந்ததில்லை.

"கொறை இருந்தா வேற தாறேன் அண்ணாச்சி. நாளைக்குக் காலைல வாங்க," என்றாள். பிறகு மகளிடம் மெதுவாக, "நான்தான் மக்ளே மண்ணெண்ணெயில கழுவி ஒவ்வொரு பல்லா பாத்துக் குடுத்தேன். எப்பிடித் தப்புச்சு?" என்றாள்.

மஜீது பாய் டீ குடிக்கப் போனார். அனிஷா பெட்டிக்குள் கைவிட்டாள். பின் சக்கரத்துப் பல்லில் கீறல் கூட இல்லை. முன் சக்கரத்துக்குப் போகிற பல்சக்கரத்தில்தான் மூன்று பல் பெயர்ந்திருந்தது. முன் சக்கரத்தை இழுவையில் சேர்க்கிற அந்தச் சின்ன லீவரைப் போடாவிட்டால் அந்தப் பல்சக்கரத்துக்குப் பாரமே ஏறாது. மணலில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கலாம், வழுக்கி விட்டுக்கொடுக்கும். தார் ரோட்டில் அப்படியே ஓட்டினால் ஒன்றையொன்று இழுத்து, பாரமெல்லாம் பெட்டியின் தலையில் விழும். தாரில் ஏறும்போது லீவரை எடுக்க வேண்டும் என்பது டிரைவருக்கு முதல் பாடம்.

அந்தப் பல்சக்கரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். டிரைவர் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"உங்க பேரு?"

"பாரி."

"எதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க, பாரி."

"இன்னா சொல்றதுக்கு கீது?" அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

அவள் உள்ளே போய்விட்டாள். ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதும் அதே யோசனை. பெயர்ந்த அந்தப் பல்சக்கரத்தைக் காட்டிப் பேசியிருந்தால் கடையின் பெயர் அப்போதே தப்பித்திருக்கும். ஏன் பேசவில்லை? அவன் வேலை போய்விடும் என்றா? அவன் யார், இவள் யார்? காலையில் கட்டாயம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகும் அந்தக் கண்கள் மேல் கோபம் தீரவில்லை... கோபம் மட்டும்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலையில் மழை விட்டிருந்தது. தேவகிருபை இருந்ததிலேயே நல்ல பெட்டியாக ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள். குணசேகரன் சாட்சிக்கு என்பதுபோல் மஜீது பாயையும் பாரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அனிஷா துணியைப் பிரித்தாள். வாயைத் திறந்தாள்.

"மொதலாளி," என்றான் பாரி. "பொட்டி மேல தப்பு இல்ல. நான்தான். மணல்லேர்ந்து ஏறச்சொல்ல லீவர எடுக்கல. முன் சக்கர லீவரு போட்டபடியே டோல்கேட் வரைக்கும் ஓட்டினு வந்துட்டேன்."

அவனே தொடர்ந்தான். "வண்டி நின்னப்ப சாமான்தான் மட்டம்னு நெனச்சேன். மேல ஏறினப்புறம்தான் லீவர பாத்தேன். ஆறு வருசம் கிளீனரா இருந்து, இப்பதான் நாலு மாசமா ஸ்டியரிங்கு. போயிடும்னு பயந்து நேத்தே சொல்லல. அம்மா, உங்க சாமான் நல்ல சாமான். மன்னிச்சிருங்க."

குணசேகரன் கையை நீட்டினார். "சாவிய குடு."

பாரி கொடுத்தான். அனிஷாவுக்குத்தான் பார்க்க முடியவில்லை.

"மணல்ல அந்த வண்டிய இழுக்க வேற யாரு கீறான் நைனா?" என்றார் மஜீது பாய். "ஒத்துக்கினான் இல்ல. வுடு."

குணசேகரன் அவனை முறைத்தார். "கரையில மட்டும் ஓட்டு. ரோட்டுல ஒரு மாசம் மஜீது பாய் ஓட்டுவாரு, நீ பக்கத்துல கிளீனர் சீட்டுல குந்து." பிறகு தேவகிருபையைப் பார்த்துக் குரலை இறக்கினார். "பேஜார் பண்ணிட்டேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பொட்டிக்கு உண்டானத குடுத்துடறேன்."

தேவகிருபை தகரத்தைத் துடைக்கப் போனாள். நேற்று முழுக்க அந்தப் பக்கமே திரும்பாதவள்.

மதியத்துக்குள் புதுப் பெட்டியை ஏற்றியாயிற்று. கடைசி போல்டையும் முறுக்கிவிட்டு பாரி வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்தான். அனிஷா கை துடைக்கத் துணி நீட்டினாள்.

"ஒண்ணு கேக்கவா? ஆறு வருஷம் அந்த வண்டியிலயே இருந்த ஆளு... லீவரை எப்படி மறந்தீங்க?"

அவன் விரல் விரலாகத் துடைத்தான். தேவைக்கு மேலேயே துடைத்தான்.

"நேத்து கரையில லேட்டாயிட்ச்சி. ஒரு மணிக்கு நீங்க ஷட்டர எறக்கிட்டு சாப்ட போயிடுவீங்க... அதுக்குள்ள டோல்கேட் வந்துடணும்னு..."

அனிஷா மெல்ல ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். கடைக்கு எதிரே இருந்த அந்தப் பள்ளத்தை ஆடி மாசமே மூடிவிட்டார்கள். அதற்கப்புறமும் லாரி தினமும் அங்கே ஊர்ந்துதான் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு மாசமா பாத்துகினு போறேன்," என்றான் தலை நிமிராமல். "மொத மொதல்ல உங்க கைல பேசனதே கத்தல்தான். புட்ச்சிருக்குன்னு சொல்றதுக்கு மூஞ்சி இல்ல. ஆனா புட்ச்சிருக்கு."

அவள் உள்ளே போய் ஷட்டர் கம்பியை எடுத்தாள். மணி ஒன்று. எடுத்த கம்பியைத் திரும்ப மூலையில் சாய்த்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நாளையிலேர்ந்து ஒண்ணரைக்குத்தான் ஷட்டரை எறக்குவேன்," என்றாள். "மஜீது பாய்கிட்ட மெதுவாவே ஓட்டச் சொல்லுங்க."