கரையாத அஸ்தி

அஸ்தி கரையவில்லை.

முழங்கால் ஆழத்தில் நின்று நவநீத் கலசத்திலிருந்து கவிழ்த்த சாம்பல் மூழ்கவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. கரையோரம் மிதந்துகொண்டிருந்த, நுரைபோல லேசான எரிமலைக் கற்களுக்கு நடுவே ஒரு வட்டமாகத் திரண்டு, காற்றே இல்லாத அந்த மாலையில், மெல்ல மெல்ல அவன் கால்களை நோக்கியே வந்துகொண்டிருந்தது. கரையில் நின்ற அவன் மனைவி ஹம்சாவுக்கு அது பிடிக்கவில்லை.

"நவ், கையால கொஞ்சம் தள்ளி விடேன்."

"தள்ளிட்டுதான் இருக்கேன். திரும்பத் திரும்ப என்கிட்டயே வருது. அப்பா உயிரோட இருந்தப்பவும் அப்படித்தானே?"

சிரிப்பதற்காகச் சொன்னான். இருவருமே சிரிக்கவில்லை.

நவநீத்தின் அப்பா அனந்தராமன், ஃப்ரீமாண்ட்டில் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் போன மாதம் இறந்துபோனார். இந்தியா போனால் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டு திரும்பி வர முடியாமல் போகும் என்ற பயத்தில் அஸ்தியைக் காவிரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் வீடியோ காலில் வழி சொன்னார். "ஓடற ஜலமா பாத்துக்கோங்கோ. கரைச்சாச்சுன்னா திரும்பிப் பாக்கப்படாது. பாத்தா, போறவா தயங்கி நின்னுடுவா."

சாவுக்குப் பிறகு நவநீத் தூங்குவதில்லை. ராத்திரியெல்லாம் அப்பாவின் அறையில் உட்கார்ந்திருப்பான். கேட்டால், "அப்பா கூப்பிட்டார்" என்பான். இன்றோடு அது முடிய வேண்டும். பழைய நவநீத் தன்னோடு வீட்டுக்கு வர வேண்டும். ஹம்சாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நவ், இந்தத் தண்ணி எங்க போய்ச் சேரும்?"

"எங்கயும் சேராது. எரிமலைக் குழம்பு வந்து அடைச்சு உண்டான ஏரி. போர்டுல போட்டிருந்ததே."

"வாத்தியார் ஓடற ஜலம்னு சொன்னாரே?"

"அஞ்சு மணி நேரம் டிரைவ் பண்ணி வந்தப்புறம் சொல்லு."

அப்போது, அவர்கள் வந்த வழியில் ஆட்கள் பேசும் குரல் கேட்டது. நவநீத் பதறினான். "பார்க் ரேஞ்சரா இருந்தா, அஸ்தி கரைச்சதுக்கு ஃபைன் போட்டுடுவான். நீ முன்னாடி நட. லூப் டிரெயில்தான், ஏரியைச் சுத்தினா பார்க்கிங் வந்துடும். ஷூ மாட்டிண்டு பின்னாடியே வரேன். திரும்பிப் பாக்காத, என்ன?"

"நீயும் பாக்காத" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

சற்று நேரத்தில் பின்னால் காலடி கேட்டது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

பாதை ஒற்றை ஆள் அகலம்தான். இரண்டு பக்கமும் குளிர்ந்து இறுகிப்போன எரிமலைக் குழம்பு, உடைத்துப் போட்ட கண்ணாடிச் சில்லுகள் மாதிரி கூர் கூராக நிமிர்ந்து கிடந்தது; அதன் வெடிப்புகளில் வேரை நுழைத்துக்கொண்டு நின்ற பைன் மரங்கள், வெளிச்சத்துக்காக ஒன்றையொன்று முறுக்கித் தள்ளிக்கொண்டு வளர்ந்திருந்தன. தரையெல்லாம் கறுப்புப் பொடி. எங்கிருந்தோ பூமிக்கடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டது. ஒரு பறவை இல்லை. மரங்களின் இடைவெளியில் ஏரி மட்டும் கூடவே வந்தது, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் கண் மாதிரி.

"ஆள் யாரும் வரலையே?" என்று கேட்டாள்.

"ம்."

"போற வழியில எங்கயாவது காபி குடிக்கலாமா?"

"ம்."

அழுகிறானோ என்னவோ என்று விட்டுவிட்டாள். அழட்டும். அழுதுவிட்டால் நல்லதுதான்.

ஏரியின் மறுகரைக்கு வந்தபோது சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். அவளுடைய ஷூ அந்தக் கறுப்புப் பொடியில் சரக் சரக் என்று அரைத்தது. பின்னால் வந்த கால்கள் அப்படி அரைக்கவில்லை. தப், தப் என்று அகலமாக, ஈரமாக விழுந்தன. வெறும் கால்கள்.

"ஷூ போட்டுக்கலையா நீ? கல்லு குத்தும், நவ்."

"ம்."

குளிர் ஏறியது. கழுத்துக்குப் பின்னால் மட்டும் குளிரவில்லை. அங்கே அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பதுபோல ஒரு வெப்பம். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்த்தால் போகிறவர் நின்றுவிடுவார் என்றாரே வாத்தியார். பல்லைக் கடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே வலது கையைப் பின்னால் நீட்டினாள்.

"கையைக் குடு. பயமா இருக்கு."

ஒரு கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

அப்பாடா என்றிருந்தது. இரண்டு மூன்று எட்டு வைக்கும்வரை. அந்தக் கை வறண்டிருந்தது. கோலமாவைத் தொட்டதுபோல நுண்ணிய பொடியாக அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"இந்தாம்மா. பாத்துப் போ."



குடும்பத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர் மாமனார் ஒருவர்தான். கல்யாணமான எட்டு வருடமும் இந்தாம்மா. காபி ஆறிப்போச்சு, இந்தாம்மா. என் பிள்ளையை எங்கே அனுப்பினே, இந்தாம்மா.

கையை இழுத்தாள். வரவில்லை.

நடந்தாள். வேறென்ன செய்ய? பார்க்கிங்கில் வெளிச்சம் இருக்கும். ஆட்கள் இருப்பார்கள். அங்கே போய்விட்டால் போதும். நவநீத் ஏதோ விளையாடுகிறான். இல்லை, தூக்கம் கெட்டுக் குரல் மாறிவிட்டது. அப்பாவும் பிள்ளையும் குரல் ஒன்றாக இருப்பது உண்டுதானே? இருக்கட்டும். அது அவன்தான். அவனாகத்தான் இருக்க வேண்டும்.

தப். தப்.

பாதை வளைந்தது. மறுபடி வளைந்தது. பார்க்கிங் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது. பார்க்கிங்குக்குப் போகும் கிளைப்பாதை, இந்தத் திசையில் வருகிறவர்களுக்குப் பின்பக்கமாகச் சாய்ந்து பிரிகிறது. தலையைத் திருப்பினால்தான் தெரியும். அவள் திருப்பவே இல்லை. தாண்டி வந்துவிட்டாள்.

மரங்கள் விலகின.

அதே கரை. கவிழ்ந்து கிடந்த அதே காலிக் கலசம். பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ. உள்ளே சுருட்டி வைத்த சாக்ஸ்.

தண்ணீரில் நவநீத்.

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மார்பளவு ஆழத்தில் நின்றிருந்தான். கரைக்கு ஏறவே இல்லை. அவளோடு ஒரு அடிகூட நடந்திருக்கவில்லை.

"நவ்!"

கேட்டது அவனுக்கு. தோள் ஒருமுறை குலுங்கியது.

"நவ், வெளியில வா! நான் இங்க இருக்கேன், என்னைப் பாரு!"

அவன் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவள்தானே சொல்லியிருந்தாள். இன்னொரு அடி எடுத்துவைத்தான். தோள் போயிற்று. கழுத்து. தலைமயிர் ஒரு கணம் கறுப்பாக விரிந்து நின்றது. தண்ணீரில் ஒரு வளையம்கூட எழவில்லை.

அவள் ஓடப் பார்த்தாள்.

பின்னால் நீட்டியிருந்த கை அப்படியே பிடிபட்டிருந்தது. வெந்நீர்ச் சூட்டில் இருந்த விரல்கள், ஒவ்வொன்றாக, அவள் விரல்களுக்கு நடுவே நுழைந்தன. அவசரமே இல்லாமல். அவளோடு வீட்டுக்குக் கிளம்பத் தயாரானவரைப் போல.