ஆறு மில்லிமீட்டர் இடைவெளி

மழைக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருபது நிமிடம் என்றது கைப்பேசி. இருபது ஏக்கர் வைக்கோல் வயலில் விரிந்து கிடக்க, அதைச் சுருட்டிக் கட்டவேண்டிய இயந்திரம் கொட்டகையில் நின்றது.

"சென்சரை ரெண்டு தடவை மாத்தியாச்சு," என்றார் முதலாளி. "பின்கதவு சாத்தித்தான் இருக்கு. திறந்திருக்குன்னு காட்டிட்டு நின்னுடுது. முந்தாநாள் இவன் லீவு. நேத்து வந்து ஏறினதுல இருந்து இந்தக் கூத்து. வேணும்னே எதையோ நோண்டியிருக்கான். இன்னிக்கோட இவனுக்கு இங்க வேலை இல்ல."

"நான் எதையும் தொடல," என்றார் ஓட்டுநர், தரையைப் பார்த்தபடி.

பழுது பார்க்க வந்தவளை எல்லோரும் மீட்டரம்மா என்பார்கள். அவளுடைய வேனை ஓட்டிவந்த ஓரகத்திக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. "எலிதான் அக்கா. ஒயரைக் கடிச்சிருக்கும்."

"போன வாரமும் எலின்னுதான் சொன்னே. பார்த்தா பிளக்கே மாட்டல."

மீட்டரம்மா ஒயரைச் சோதித்தாள். குறையில்லை. சென்சரில் பச்சை விளக்கு எரிந்தது. கதவின் இரண்டு பக்கமும் இரும்புத் தகட்டுக்கும் சென்சருக்கும் நடுவே அளந்தாள். வலப்பக்கம் நான்கு மில்லி, இடப்பக்கம் இரண்டு. பிறகு, "வயலுக்கு எடுங்க," என்றாள்.

ஓட்டுநர் டிராக்டரில் அதை இழுத்துக்கொண்டு இரண்டு சால் ஓட்டினார். உள்ளே வைக்கோல் உருண்டு நிறைந்ததும் விளக்கு அணைந்தது. இயந்திரம் கூவிவிட்டு நின்றது. மேற்கே வானம் கறுத்திருந்தது.

"கதவைத் திறக்காதீங்க," என்றவள் வலப்பக்கம் மறுபடி அளந்தாள். "ஆறு. இந்த சென்சருக்கு அஞ்சு மில்லி வரைக்கும்தான் கண்ணு தெரியும். வைக்கோல் நிறைஞ்சா கதவு ரெண்டு மில்லி தள்ளும், அது சகஜம். காலியா இருக்கும்போதே நாலு இருந்ததுதான் தப்பு. இடப்பக்கம் அப்போ ரெண்டுதான் இருந்தது."

ஓரகத்தி வலப்பக்க மூலையைத் தடவினாள். சிவப்புப் பெயின்ட் விரலில் லேசாக ஒட்டியது. அடியில் சுத்தியல் தட்டிய குழிகள். "யாரோ இடிச்சுட்டுத் தட்டி நிமித்தியிருக்காங்க, அக்கா." சட்டென்று ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே?"

"பாத்தீங்களா," என்றார் முதலாளி. அவர் குரலில் பாதிதான் வெளியே வந்தது. "இடிச்சா சொல்லணும், மறைச்சா வேலை இல்லைன்னு நானே சட்டம் போட்டிருக்கேன்."

மீட்டரம்மா வலப்பக்கத் தகட்டுக்கு அடியில் இரண்டு வாஷர்களைச் செருகி முறுக்கினாள். பச்சை விளக்கு வந்தது. நூல் சுற்றியது. முதல் கட்டு தரையில் உருண்டது.

"பெயின்ட் டப்பா எங்க இருக்கும்?" என்று ஓட்டுநரைக் கேட்டாள்.

"அலமாரியில. சாவி முதலாளி இடுப்புல. அவர் அதை யார்கிட்டயும் குடுக்க மாட்டார்."

"நேத்து நீங்க வண்டியில ஏறினதுமே கோளாறு. அப்போ அதுக்கு முந்தின நாள் இடிபட்டிருக்கணும். அன்னிக்கு நீங்க லீவு."

ஓரகத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓட்டுநர் டிராக்டரிலிருந்து சாவியை உருவி முதலாளியிடம் நீட்டினார். "வேலை இல்லைன்னா இதை வாங்கிக்கங்க."

முதலாளி சாவியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மீட்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஏறுப்பா," என்றார் கடைசியில். "பெயின்ட் அடிச்சா முடிஞ்சுதுன்னு நினைச்சேன். சென்சர் வரைக்கும் போகும்னு தெரியாது. முந்தாநாள் வண்டியைப் பின்னால எடுத்துத் தூணுல இடிச்சது நான்தான்."