கொக்கியின் உள்பக்கம்

அட்டைப்பெட்டி ஆலைக்கு அன்று விடுமுறை. மெக்கானிக்கின் வேன் வாசலில் வந்து நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். ஆனால் கூட வரவில்லை.

"நேராப் போனா ஓய்வறை. மெஷின் அங்கதான் நிக்குது. எத்தனை தடவை பூட்டினாலும் கதவு தானா திறந்துக்குது, சார்."

"பாட்டில் காணாமப் போகுதா?"

"ஒண்ணுகூடப் போனதில்ல. கதவு மட்டும்தான் திறக்கும்."

அதற்கு மேல் பேசப் பிடிக்காதவர் போல அவர் தன் கூண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒல்லி இறங்கினான். மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி. கம்புக்குச் சட்டை மாட்டியது போன்ற உடம்பு. அடுத்த வாரம் கல்யாணம். 'அவனை முழுசா வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. ஒரு கீறல் விழுந்திருந்தாலும் உங்களைத்தான் கேப்பேன்' என்று காலையில் மனைவி கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அக்கா பேச்சைக் கேட்டா கல்யாணம் வரைக்கும் என்னைப் பஞ்சுல சுத்தி அலமாரியில வச்சிருக்கணும், மாமா."

"உன்னைச் சுத்த ஒரு கைக்குட்டை போதும்டா. நட."

ஓய்வறையில் பசையும் நனைந்த காகிதமும் கலந்த வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்தது போல. மூலையில், சுவரை ஒட்டி அந்தக் குளிர்பான மெஷின் நின்றது. ஆள் உயர இரும்புப் பெட்டி. கண்ணாடி கிடையாது. பாட்டில் வந்து விழ அடியில் ஒரு வாய் மட்டும். கதவு கையகலம் திறந்திருந்தது.

பிளக் பிடுங்கிக் கிடந்தது. ஆனாலும் இடுக்கிலிருந்து சில்லென்று காற்று வந்தது.

மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. கீல்கள் நேராக இருந்தன. கதவு இடுக்கில் காகிதத் துண்டை வைத்துச் சாத்தி இழுத்தார். எந்தப் பக்கமும் தளர்வில்லை. கடைசியில் பூட்டின் கொக்கியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இங்க பாரு மாப்ளே. கொக்கி எங்க தேயணும்?"

"பட்டையில மாட்டுற நுனியில."

"இது முதுகுல தேஞ்சிருக்கு."

பெட்டிக்குள் பார்த்தபடி இருக்கும் கொக்கியின் உள்பக்கம் பளபளவென்று குழிந்திருந்தது. ஒரு விரல் பதியும் அளவுக்கு. "பெட்டிக்குள்ள நின்னுக்கிட்டு யாரோ ரொம்ப நாளா இதை நெம்பித் தள்ளின மாதிரி இருக்குடா."

"நல்லா கற்பனை பண்றே மாமா," என்று ஒல்லி சிரித்தான்.

புதுக் கொக்கி போட்டார்கள். ஸ்பிரிங்கையும் இரண்டு மடங்கு விறைப்பானதாக மாற்றினார்கள். சாத்திப் பூட்டினார்கள்.

டக்.

கதவு மெதுவாக, கையகலம் திறந்தது.

இந்த மாதிரிப் பிடிபடாத பூட்டுக்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. பாட்டில் அடுக்கும் தட்டுகளை எல்லாம் உருவிவிட்டு ஒல்லி உள்ளே நின்றுகொள்வான். மெக்கானிக் வெளியே பூட்டுவார். கொக்கி விழுவதை உள்ளிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கோளாறு தெரிந்துவிடும். ஒரு தட்டு தட்டினால் கொக்கி சரியாக விழுந்தது என்று அர்த்தம். இரண்டு தட்டினால், திற. வீட்டில் தெரிந்தால் மனைவி இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆனாலும் எத்தனையோ மெஷின்களில் செய்த வேலைதான்.

ஒல்லி உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போனான். "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு. சீக்கிரம் சாத்து மாமா."

மெக்கானிக் பூட்டினார். கதவு திறக்கவில்லை.

உள்ளிருந்து ஒரு தட்டு.

"அப்பாடா!" என்று நிமிர்ந்தார். உடனே இரண்டு தட்டு. சாவியைத் திருப்பினார். சாவி சுற்றியது. கொக்கி அசையவில்லை. புது ஸ்பிரிங், முரண்டு பிடிக்கிறது என்று நினைத்தார்.

"இரு மாப்ளே, மாட்டிக்கிச்சு. எண்ணெய் விடறேன்."

உள்ளே டார்ச் கீழே விழுந்து உருளும் சத்தம். பிறகு ஒல்லியின் குரல், மிகவும் தாழ்ந்து.

"மாமா... பின்னாடி தட்டுறது நீயா?"

பெட்டியின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. எலிகூடப் புக முடியாது.

"நான் முன்னாடிதான்டா நிக்கிறேன்."

அவர் பூட்டுத் துளையில் எண்ணெயை விட்டு மறுபடி சாவியைத் திருப்பினார்.

"அப்ப, என் கழுத்துல மூச்சு விடறது யாரு?"

அலறல் அந்த அறையையே கிழித்தது.

இரும்புப் பெட்டி தரையிலிருந்து துள்ளி விழுந்தது. பக்கத் தகடு உள்ளிருந்து வாங்கிய அடியில் வெளியே புடைத்தது. மறுபடி ஓர் அடி. மறுபடி. "மாமா! கையை முறுக்குது! மாமா!" எலும்பு முறியும் சத்தம், பச்சைக் கிளையை ஒடித்தது போல.

மெக்கானிக் குனிந்து பாட்டில் விழும் வாய்க்குள் கையை விட்டார். விரல்கள் தட்டுப்பட்டன. இறுகப் பற்றினார்.

"விடாதே! இதோ இழுக்கிறேன்!"

"எதை இழுக்கிற?" என்று மேலிருந்து ஒல்லி கதறினான். "என் கை ரெண்டும் இங்க இருக்கு!"

அவர் பிடித்திருந்த விரல்களில் நகமே இல்லை.

அவை அவர் மணிக்கட்டைப் பற்றி உள்ளே இழுத்தன. தகட்டின் விளிம்பு சதையை உரித்தது. மெக்கானிக் காலால் பெட்டியை எட்டி உதைத்து, தோல் பிய்ந்த கையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் விழுந்தார். அந்த வாய் வழியாக ரத்தம் வழிந்து தரையில் பரவியது. அவருடையது மட்டுமல்ல.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். நிலைப்படியைத் தாண்டவில்லை.

"பூட்டிட்டீங்களா? பலமா பூட்டிட்டீங்களா?" அவர் குரல் உடைந்தது. "இதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக் தனியா வந்தாரு. கொக்கியைப் பார்க்க உள்ள போனவருக்குக் கதவு சாத்திக்கிச்சு. நீண்ட லீவு. திரும்பி வந்துதான் பொணத்தை எடுத்தோம். அதுலருந்து தினமும் கதவு திறந்துக்கும். சொல்லக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு, சார்..."

"வாயை மூடிக்கிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போடுய்யா!"

மெக்கானிக் கடப்பாரையைக் கீலில் கொடுத்து முழு உடம்பாலும் தொங்கினார். மேல் கீல் தெறித்தது. உள்ளே ஒல்லியின் கத்தல் முனகலாகிக்கொண்டிருந்தது. கீழ்க் கீலைச் சம்மட்டியால் அடித்தார். மாப்ளே, மாப்ளே என்று ஒவ்வோர் அடிக்கும் அவர் வாய் அரற்றியது.

கதவு பெயர்ந்து வரவில்லை. உள்ளிருந்து உதைத்தெறியப்பட்டது.

அது மெக்கானிக்கின் முகத்தில் அறைந்து, மூக்கை உடைத்து, எதிர்ச் சுவரில் மோதி விழுந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பார்த்தபோது ஒல்லி பெட்டிக்குள் மடிந்து கிடந்தான். வலது கை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு காது பாதி கிழிந்து தொங்கியது. மூச்சு இருந்தது.

அவனைத் தவிர பெட்டியில் யாருமே இல்லை.

காற்றில் குளிர் போயிருந்தது. அந்த இரும்பு வாடையும் போயிருந்தது. வெறும் தகரப் பெட்டி.

"போயிடுச்சு," என்றார் வாட்ச்மேன், கையெடுத்துக் கும்பிட்டபடி. "வெளிய போயிடுச்சு."

ஆம்புலன்ஸ் வந்தது. பின்னால் ஒல்லியும், அவனுக்குக் கட்டுப் போட ஓர் உதவியாளரும் மட்டும் ஏறினார்கள். கதவைச் சாத்தியது மெக்கானிக்தான். அவர் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உடைந்த மூக்கைத் துணியால் அழுத்திக்கொண்டார். மனைவிக்குப் போன் செய்தார். "உசுருக்கு ஒண்ணுமில்ல. கை எலும்பு மட்டும்... அழாதே. நீ ஆஸ்பத்திரிக்கு வந்துடு. முழுசாதான் கூட்டிட்டு வர்றேன்." சொல்லும்போதே அவரும் அழுதார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ்கள் தள்ளுவண்டியோடு காத்திருந்தார்கள். டிரைவர் ஓடிப்போய்ப் பின்கதவை இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார்.

"இந்த வண்டி இதுவரை இப்படி மக்கர் பண்ணினதே இல்லையே, சார்."

மெக்கானிக் அவரை விலக்கிவிட்டுக் கைப்பிடியில் கை வைத்தார். பூட்டு திரும்பியது. கதவு வரவில்லை. எத்தனையோ பூட்டுகளைத் தொட்ட கை அது. பூட்டில் கோளாறு இல்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

கைப்பிடி பனிக்கட்டி போலச் சில்லிட்டது.

"தம்பி!" என்று கத்தினார். "உள்ளே என்ன நடக்குது?"

கதவை ஒட்டி உதவியாளரின் குரல் கேட்டது. கத்தவில்லை. யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல, காற்றாகக் கிசுகிசுத்தது.

"அண்ணே... சீக்கிரம் திறங்கண்ணே. உள்ள நாங்க மூணு பேர் இருக்கோம்."