சிவப்பு கார்டா, பச்சை கார்டா?

ஒன்பதாவது நாளாக ஆர்த்திகா அதே வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அக்கரப்பத்தனைக்கு மேலே இருந்த அவளுடைய தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஒரே ஒரு கணினிதான் உண்டு. அது 2006ஆம் ஆண்டு. வருகிற சனிக்கிழமை விஞ்ஞானக் கண்காட்சி. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு சீடியில் இருக்கும் சூரியக் குடும்பத்தைத் திரையில் ஓடவிட்டு, ஆளுக்கொரு கிரகத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஆர்த்திகாவுக்குக் கிடைத்தது சனி. பேச வேண்டியதை அவள் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பாள். கொழுந்து பறிக்கும் அவளுடைய அம்மா, சனிக்கிழமை அரை நாள் லீவு வேண்டும் என்று கங்காணியிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

ஆனால் சீடியைப் போட்டால் கிரகம் எதுவும் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. கணினியில் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, ஆகவே படம் ஓடாது என்றது அந்த வரி. அசையும் படங்களை மளமளவென்று வரைந்து திரைக்கு அனுப்புவது அந்த கார்டின் வேலை.

தலவாக்கலையில் ரேடியோ திருத்தும் பொன்னையாவின் கடையில் இரண்டு பழைய கார்டுகள் இருந்தன. ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. இரண்டுக்கும் ஒரே விலை. பாடசாலையால் ஒன்றைத்தான் வாங்க முடியும். விற்றதைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று பொன்னையா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எதை வாங்குவது? அதில்தான் சிக்கல்.

கணித ஆசிரியர் துரைராசா சேர் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் கணக்குப் போடாமல் நம்ப மாட்டார். கரும்பலகையில் எழுதியதை மறுபடியும் சோக்கட்டியால் தட்டினார்.

"யோகேஸ்வரன், வடிவாப் பாரும். சிவப்பிலை வரையிற பாதை எட்டு. ஒவ்வொண்டும் செக்கனுக்கு முந்நூற்றி இருபத்தஞ்சு மில்லியன் புள்ளி. பெருக்கினா இரண்டாயிரத்து அறுநூறு மில்லியன். பச்சையிலை பாதை நாலுதான். முந்நூற்றி ஐம்பதை நாலாலை பெருக்கும். ஆயிரத்து நானூறு. எது பெரிசு?"

யோகேஸ்வரன் ஹட்டனில் ஆறு மாதம் கணினி படித்தவன். பாடசாலைக் கணினியைப் பார்த்துக்கொள்வது அவன்தான்.

"அது தாள்ல வர்ற கணக்கு சேர். பச்சையில வரைஞ்சத வச்சுக்கிற ஞாபகம் எரநூத்தி அம்பத்தாறு. செவப்புல நூத்தி இருவத்தெட்டுதான். அப்படியே பாதி. கூடை சின்னதா இருந்தா எட்டுப் பேரு கொழுந்து பறிச்சு எங்க போடுவாங்க?"

"நாலு பேருக்குப் பெரிய கூடை குடுத்து என்ன பிரயோசனம்? கூடை நிறைய வேணுமே."

"சேர், நீங்க கேக்க மாட்டேங்கிறீங்க."

"நீர் தான் கேக்கிறீர் இல்லை."

ஆர்த்திகா தலையில் கை வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தாள். இன்று புதன்கிழமை. இவர்கள் பெருக்கி முடிப்பதற்குள் சனி கிரகம் சூரியனையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடும். அதற்கு இருபத்தொன்பது வருடம் ஆகும். அதுவும் அவளுக்கு மனப்பாடம்.

"யோகா அண்ணே," என்றாள் கடைசியில். "அந்த கார்ட எங்க குத்துவீங்க?"

"பொட்டிக்குள்ளதான். ஏன்?"

"எனக்கு அந்த எடத்தக் காட்டுங்க. ரெண்டு பேரும் ஒன்பது நாளா கார்டப் பத்தியே பேசுறீங்க. நம்ம பொட்டிய ஒருத்தரும் தொறந்து பாக்கல."

யோகேஸ்வரன் திருப்புளியை எடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசு. அதன் நடுவே மண்ணிற நீள இடுக்கு ஒன்று. இடுக்கின் உள்ளே ஓர் இடத்தில் குறுக்காகச் சின்னத் தடுப்பு ஒன்றும் இருந்தது.

ஆர்த்திகா கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். இடுக்கின் மேல் அதை விரித்து, பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தாள். இடுக்கின் நீளமும் தடுப்பு இருந்த இடமும் தாளில் அப்படியே பதிந்தன.

"நாளைக்கு இதக் கடைக்குக் கொண்டு போவோம்," என்றாள்.

மறுநாள் பாடசாலை விட்டதும் மூவரும் தலவாக்கலை பஸ்ஸில் ஏறினார்கள். முன் இருக்கையில் ஆர்த்திகா. பின் இருக்கையில் அந்த இரண்டு பேர். ஹோல்புறூக் தாண்டும்வரை பேச்சில்லை. அதற்குப் பிறகு, "எதுக்கும் சேர், அந்த எட்டுப் பாதை..." என்று யோகேஸ்வரன் ஆரம்பித்தான். ஆர்த்திகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பொன்னையா இரண்டு கார்டுகளையும் மேசையில் வைத்தார். ஆர்த்திகா தாளை விரித்து, முதலில் சிவப்பு கார்டின் தங்கநிறப் பற்களை அதன் மேல் வைத்தாள். கார்டின் வெட்டு ஓரிடத்தில் இருந்தது. தாளில் தடுப்பு வேறிடத்தில் இருந்தது. திருப்பி வைத்தாலும் பொருந்தவில்லை.

பச்சையை வைத்தாள். நீளமும் சரி, வெட்டும் சரி.

"செவப்பு புது மாதிரிப் பொட்டிக்கு உள்ளது," என்றான் யோகேஸ்வரன், நெற்றியைத் தேய்த்தபடி. "மொத நாளே நான் பாத்திருக்கணும்."

"நானும் கேட்டிருக்க வேணும்," என்றார் சேர். "பூட்ட ஏலாத கார்டுக்கு ஒன்பது நாள் பெருக்கினனான்."

வெள்ளிக்கிழமை பச்சை கார்டைப் பூட்டினார்கள். சீடி ஓடியது. சூரியன் வந்தது, பூமி வந்தது. சனி வரும்போது மட்டும் படம் நொண்டியது. வளையம் கொஞ்சம் சுற்றும், நிற்கும். மறுபடி கொஞ்சம் சுற்றும்.

"நான் சொன்னனான்," என்றார் சேர். "பாதை நாலுதானே."

"சேர், அது அப்படியில்ல..."

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க," என்றாள் ஆர்த்திகா. அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. திரையை உற்றுப் பார்த்தாள். சனியின் பின்னால் ஆயிரக்கணக்கில் நட்சத்திரங்கள் மின்னிக்கொண்டிருந்தன. பாவம் இந்தக் கார்ட், அத்தனையையும் இது ஒன்றே வரைய வேண்டும்.

மேலே இருந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினாள். 'ஸ்டார்ஸ்' என்பது அவளுக்குத் தெரிந்த சொல். அதன் பக்கத்தில் இருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டாள்.

நட்சத்திரங்கள் மறைந்தன. கறுத்த வானத்தில் சனி மட்டும் வழுக்கிக்கொண்டு சுழன்றது. வளையம் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"நீங்க இதப் பத்தி இப்பப் பேசக் கூடாது," என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை அறை நிறைய ஆட்கள். அம்மா நெற்றியில் கூடைக் கயிற்றின் தடம் மறையாமலேயே வந்து, பின்வரிசையில் நின்றார். ஆர்த்திகா ஒரு சொல் விடாமல் பேசி முடித்தாள். அம்மா கைதட்டவில்லை. படம் நின்றுபோன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர்த்தி," என்றார். "அத இன்னொரு தடவ சுத்தச் சொல்லு. மொதல்ல உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதப் பாக்கல."

அந்த நேரம் பார்த்து, திரைக்கு முன்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கணினிக்கு அடுத்ததாக எந்த ஸ்பீக்கர் வாங்குவது என்று அவர்களுக்குள் பேச்சு.

"சேர், யோகா அண்ணே," என்றாள் ஆர்த்திகா. "கொஞ்சம் தள்ளிக்கிட்டுப் பெருக்குங்க. எங்க அம்மாவுக்கு மறைக்குது."

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு ஒரே நேரத்தில் விலகினார்கள். அம்மா முன்னால் வந்து உட்கார்ந்தார். ஆர்த்திகா சனியை மறுபடியும் சுற்றவிட்டாள்.