முப்பத்தாறாவது தோள்

ஆகஸ்ட் கடைசி வாரம். தீவின் நோவால்யா ஊரிலிருந்து வந்த பகல் ஒரு மணிப் பேருந்து, ஸிர்ச்சே கடற்கரையின் மேட்டில் ஐம்பது அறுபது இளசுகளை இறக்கிவிட்டுத் திரும்பியது. அவர்களோடு நீவெஸும் இறங்கினாள். கீழே வழக்கமான அமர்க்களம். கூரையில்லாத ஆட்டக் கூடங்களிலிருந்து மேளச்சத்தம் வந்து நெஞ்சுக்கூட்டில் இடித்தது. ஒரு குளத்தில் இடுப்பளவு சோப்பு நுரையை நிரப்பி, அதற்குள் ஒரு கூட்டம் குதித்துக்கொண்டிருந்தது. வெயிலுக்குப் பூசிய எண்ணெய், பீர், வாட்டிய இறைச்சி எல்லாம் கலந்த வாடை மேடு வரை ஏறி வந்தது. இருபது வயதில் தலைகால் புரியாமல் ஆடுவது ஒன்றும் குற்றமில்லை. நீவெஸுக்கும் இருபத்து நான்குதான். ஆனால் போன வருஷத்திலிருந்து, கூட்டத்தைப் பார்த்தாலே அவள் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கிவிடும்.

அவள் வேலையே அதுதான். பார்பா ரோக்கோவின் உல்லாசப் படகில் ஆள் எண்ணுகிறவள். கடலில் நரைத்த ஆண்களை அந்தக் கரையில் எல்லோரும் பார்பா என்றுதான் கூப்பிடுவார்கள். படகு ஒன்றரைக்குப் புறப்படும். ஏறும்போது ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை கட்டுவாள். போன வருஷம் பச்சைப் பட்டை, இந்த வருஷம் ஆரஞ்சு. முக்கால் மணி நேரம் போனால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு பாறைக் குடா வரும். அங்கே நங்கூரம் போட்டு, நீந்த விடுவார்கள். திரும்ப ஏணியில் ஏறி வருகிறவர்களை ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எண்ணுவாள். அந்தத் தீவுக்காரர்கள் பட்டிக்குள் போகும் செம்மறிகளை முதுகில் தட்டி எண்ணும் முறை அது. கண்ணால் எண்ணினால் பிசகும், கையால் எண்ணினால் பிசகாது.

போன வருஷம் இதே வாரத்தில் முப்பத்தாறு பேர் போனார்கள். திரும்பும்போது முப்பத்தாறு தோள். சுக்கான் பக்கத்திலிருந்து ரோக்கோவும் எண்ணினார், முப்பத்தாறுதான். சாயங்காலம் நாலு பையன்கள் படகுத் துறைக்கு வந்து, "எங்க போர்னா எங்கே?" என்று கேட்டார்கள். வின்கோவ்ட்சி ஊர்ப் பையன், பத்தொன்பது வயசு.

கணக்குச் சரி என்று நீவெஸ் போலீஸில் சத்தியம் செய்தாள். ஆகவே பையன் கரைக்கு வந்துவிட்டான், கூட்டத்தில் காணாமல் போனான் என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று நாள் விடுதிகளிலும் மலை இடுக்குகளிலும் தேடினார்கள். குடாப் பக்கம் ஒருவரும் போகவில்லை. போக என்ன காரணம் இருந்தது?

ஒன்றை மட்டும் நீவெஸ் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குக் கடைசியாகத் தொட்ட தோள், அந்தக் கொளுத்தும் வெயிலில், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது. எண்ணிக்கை முடிந்துவிட்ட நிம்மதியில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போகலாம் பார்பா" என்று கத்திவிட்டாள்.

"வாடி கண்ணு, சூடா இருக்கு, எடுத்துக்க."

துறையருகே ரூஷிட்சா நின்றிருந்தாள். போர்னாவின் அம்மா. ஜூன் மாதமே வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, நோவால்யாவில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, தோளில் பெட்டியை மாட்டி மணலில் அவித்த சோளக்கதிர் விற்கிறாள். விற்பது சாக்குத்தான். கதிரை நீட்டும் சாக்கில் ஒவ்வொரு இளைஞனின் முகத்தையும் பார்க்கலாம் அல்லவா. பசங்கள் சும்மா இருப்பார்களா? "பெரியம்மா, பொண்ணு பாக்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா?" என்று கிண்டலடிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த முகத்துக்குப் போவாள்.

"வேணாம்மா. பசி இல்ல."

"உங்கிட்ட நான் காசு வாங்குவேனா? என் பிள்ளையைக் கடைசியா எண்ணினவ நீ. நீ எண்ணலைன்னா நான் இந்நேரம் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியிருப்பேன்." கதிரை அவள் கையில் திணித்தாள். "அன்னிக்குக் காலையில போன்ல கன்னாபின்னான்னு திட்டிட்டேன். ஆடினது போதும், வீட்டுக்கு வந்து தொலைடான்னு. அந்தக் கோவம் அவனுக்கு. தணிஞ்சதும் வந்துடுவான்."

நீவெஸ் அந்தக் கதிரைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். தன் வாயிலிருந்து வந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் உயிரோடு இருக்கிறாள். அந்த எண் பொய் என்று சொல்லவும் முடியவில்லை, மெய் என்று நம்பவும் முடியவில்லை. தினமும் இதே வேதனைதான்.

அன்றும் முப்பத்தாறு ஆரஞ்சுப் பட்டை. தெற்குக் காற்று பிடித்திருந்தது. வானம் அழுக்குத் துணி நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. குடாவில் ஒரு மணி நேரம் கத்தல், கூத்து, பாறையிலிருந்து குதித்தல். படகின் ஒலிபெருக்கி அலறியபடியே இருந்தது. பிறகு ரோக்கோ சங்கொலி எழுப்ப, ஒவ்வொருவராக ஏணியில் ஏறினார்கள். சூடான, உப்புப் படிந்த, வெயிலில் சிவந்த தோள்கள். முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து.

முப்பத்தாறு.

கை ஜில்லிட்டது.

நீவெஸ் கையை இழுத்துக்கொண்டாள். தொட்ட தோள் அவளைக் கடந்து போய்விட்டது. ஒல்லியான முதுகு ஒன்று பின் பெஞ்சின் மூலைக்குப் போய், தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தது. சுற்றிலும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த மூலையைச் சுற்றி ஓர் ஆள் இடம் விட்டுத்தான் ஆடினார்கள்.

மடியில் கிடந்த அந்தக் கையில் ஒரு பட்டை.

பச்சை.

"எத்தனை?" என்றார் ரோக்கோ.

"முப்பத்தாறு."

"அப்ப நங்கூரத்தைத் தூக்கு. காத்து திரும்புது."

"தூக்காதீங்க பார்பா. தண்ணியில ஒரு ஆள் இருக்கு."

"கணக்குத்தான் சரியா இருக்கே. வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

"போன வருஷமும் சரியாத்தான் இருந்துச்சு," என்றாள் நீவெஸ். "பாட்டை நிறுத்துங்க."

ரோக்கோ அவள் முகத்தைப் பார்த்தார். கை நீட்டி ஒலிபெருக்கியை அணைத்தார். கூட்டம் ஊளையிட்டது. அது அடங்கியதும் பாறையில் தண்ணீர் மோதும் ஓசை கேட்டது. அதன் நடுவே மெலிதாக, பூனைக்குட்டி முனகுவது போல ஒரு குரல்.

நீவெஸ் குதித்து நீந்தினாள். பாறைக்குப் பின்னால் ஸ்லோவேனியாக்காரப் பெண் ஒருத்தி, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, நகங்கள் பிய்ந்து ரத்தம் வர, பாசியைப் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தாள். அரைமணியாகக் கத்தியிருக்கிறாள். பாட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் கை விட்டிருக்கும்.

அவளைத் தூக்கிப் படகில் கிடத்தினார்கள். தோழிகள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ரோக்கோ தானே எழுந்து வந்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். பின் பெஞ்சின் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். முப்பத்தேழு என்று அவர் உதடு அசைந்தது. சிலுவை போட்டுக்கொண்டு சுக்கானுக்குத் திரும்பினார்.

பாதி வழி வரை நீவெஸுக்குத் துணிச்சல் வரவில்லை. பிறகு போய் அந்த மூலையில், பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கயிற்று வாடை அடித்தது. அவன் தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் நின்றபாடில்லை. கடற்கரைக் கம்பம் ஒவ்வொன்றிலும் அவன் அம்மா ஒட்டி வைத்திருந்த படத்தின் முகம்தான். அதே மூக்கு, அதே புருவத் தழும்பு.

"போர்னா?" என்றாள் கிசுகிசுப்பாக.

தலை நிமிரவில்லை.

"கத்திக்கிட்டே நீந்தினேன்," என்றது குரல். "என் இடத்துல ஒருத்தன் உக்காந்திருந்தான். படகு போயிடுச்சு."

நீவெஸுக்கு அழுகை பொங்கி வந்தது. "எண்ணிக்கை வந்துடுச்சுடா. நான் முகத்தைப் பாக்கல. மன்னிச்சிரு."

கடற்கரையின் மேளச்சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கியது.

"அம்மா மூஞ்சி மூஞ்சியா பாக்குறா," என்றான். "நான் ஏறலைன்னு அவகிட்ட சொல்லு."

படகு துறையில் இடித்தது. நீவெஸ் ஒரு கணம் கயிற்றைப் பார்த்தாள். திரும்பியபோது பெஞ்சில் தண்ணீர் மட்டும் கிடந்தது. இறங்கியவர்கள் முப்பத்தாறு பேர், எல்லாம் ஆரஞ்சு.

"அந்தம்மாகிட்ட சொல்லப்போறேன் பார்பா," என்றாள். "விசாரணை வரும். உங்க உரிமம் போயிடும்."

ரோக்கோ கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "போகட்டும்," என்றார் கடைசியில். "நான் பாட்டைக் குறைச்சிருந்தா அன்னிக்கே கேட்டிருக்கும்."

மாலை ஐந்து மணி. நுரைக் குளத்தில் கூட்டம் உச்சத்தில் இருந்தது. அதன் ஓரத்தில், சோளப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் ரூஷிட்சா. நீவெஸ் அவள் முன்னால் மண்டியிட்டாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது எல்லாம் மறந்துவிட்டது.

"அம்மா, போர்னா படகுல ஏறல. நான் எண்ணினது வேற ஒருத்தனை. உங்க பிள்ளை குடாவுலயே நின்னுட்டான். இன்னிக்கு அவனைப் பாத்தேன். உங்ககிட்ட சொல்லச் சொன்னான்."

அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்தாள். ரூஷிட்சா நுரையில் ஆடும் முகங்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு முதல்முறையாக அந்த முகங்களிலிருந்து கண்ணை எடுத்து, மணலைப் பார்த்தாள்.

"குளிர்ந்து போயிருந்தானா?"

"ஆமாம்மா."

"கோவமா இருந்தானா எம்மேல?"

"இல்லம்மா. உங்களை நினைச்சுத்தான் பேசினான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் ஆட்டத்தை நிறுத்தி, என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு தண்ணீர் பாட்டிலை அவளருகே வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் கழித்து ரூஷிட்சா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ நினைவு வந்தவளாக, நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்படின்னா," என்றாள் மெதுவாக, "தினம் என் அறைக்கு வர்றது யாரு?"

நீவெஸுக்குப் புரியவில்லை.

"நான் வந்த வாரத்துலேருந்து வர்றான். நான் வேலை முடிஞ்சு போறப்போ கட்டில்ல சுவத்தைப் பாத்துப் படுத்திருப்பான். போர்வையை இழுத்து மூடிக்குவான், முகத்தைக் காட்ட மாட்டான். விடிஞ்சா இருக்க மாட்டான், அதான் பகல்ல இங்க முகம் முகமாத் தேடினேன். படுக்கையெல்லாம் ஈரமாக் கிடக்கும். கோவத்துல இருக்கான், தானா பேசட்டும்னு நானும் பக்கத்துல உக்காந்து, சாப்பிடுடா போர்னா, சாப்பிடுடான்னு சொல்லிக்கிட்டு இருப்பேன். சொன்னா ஆளுங்க வந்து அவனைப் பயமுறுத்தி ஓட வச்சிடுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

இருவரும் அடுத்த பேருந்தில் நோவால்யாவுக்குப் போனார்கள்.

சின்ன அறை. மரச் சன்னல் இடுக்குகளின் வழியே மாலை வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. படகில் அடித்த அதே ஈரக் கயிற்று வாடை. கட்டிலில் போர்வை ஓர் ஆள் நீளத்துக்கு மேடிட்டு, சுவர்ப் பக்கம் சாய்ந்து கிடந்தது. அதன் நுனியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

போர்வை மூச்சு விடவில்லை.

நீவெஸ் வாசலிலேயே நின்றாள். ரூஷிட்சா போய்க் கட்டில் ஓரத்தில், தினமும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். போர்வையின் மேல், தோள் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தாள்.

"இத்தனை நாளா உன்னை போர்னா போர்னான்னே கூப்பிட்டுட்டேன்," என்றாள். "நீயும் ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு எண்ணினது உன்னைத்தானா? நீ யாரு பெத்த பிள்ளைப்பா? உங்கம்மா உன்னை எங்க தேடிக்கிட்டு இருக்கா?"

சொட்டுவது நின்றது.

சுவரைப் பார்த்துக் கிடந்த போர்வை, மெல்ல அவள் பக்கம் திரும்பிப் படுத்தது.